வீட்டுப் பட்டறைக்குத் தகடு மடக்கும் கருவி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியில் நாம் கட்டப்போவது, 600 மி.மீ. அகலம் வரையிலான தகட்டை ஒருவர் தனியாக நின்று மடக்கக்கூடிய கைக் கருவி. 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு இதன் எல்லை. விசைத்தறி மோட்டாரின் பெல்ட் மூடி, சுவிட்ச் பெட்டி, கருவிகள் வைக்கும் தட்டு, ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் மழைநீர் வாங்கும் காடி என்று சேலத்து வீட்டுப் பட்டறைகளில் தேவைப்படும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

கருவியில் மூன்று பாகங்களே உள்ளன. தகடு படுக்கும் பீடம், தகட்டைப் பீடத்தோடு இறுக்கிப் பிடிக்கும் அமுக்குச் சட்டம், கீலில் சுழன்று தகட்டை மேலே தூக்கும் மடக்குச் சட்டம். புதிதாகக் கட்டுகிறவர்கள் இரும்பு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதிலேயே கவனத்தை வைத்து, எதை முதலில் வெல்டு செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையில் கோட்டை விடுகிறார்கள். மடிப்பு நேராக விழுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த வரிசைதான்.

1. நீளத்தை முதலில் முடிவு செய்தல்

நான்கு அடித் தகட்டையும் மடக்கிவிடலாமே என்று 1200 மி.மீ. நீளத்தில் தொடங்குவது பலர் செய்யும் முதல் தவறு. நீளம் இரட்டித்தால் மடக்கும் விசையும் இரட்டிக்கும் என்பது மட்டும் இதில் சிக்கல் அன்று. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட சட்டம், அதே கனத் தகட்டின் அழுத்தத்தில், நடுவில் வளையும் அளவு பதினாறு மடங்காகிவிடும். அதன் விளைவாகத் தகட்டின் ஓரங்கள் 90 டிகிரிக்கு மடங்கியிருக்க, நடுப்பகுதி 80 டிகிரியிலேயே நின்றுவிடும்.

கனமும் இப்படித்தான். தகட்டின் கனம் இரட்டித்தால் மடக்கும் விசை நான்கு மடங்காகும். 1.2 மி.மீ. தகட்டை 600 மி.மீ. நீளத்துக்கு மடக்க, 40 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 15 கிலோ விசை போதும். அதே நீளத்தில் 2 மி.மீ. தகட்டுக்கு 40 கிலோவுக்கு மேல் தேவைப்படும். அதை மடக்க முயன்றால் கருவிதான் முதலில் கோணலாகும்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

65×65×6 மி.மீ. ஆங்கிள் (இரு கால்களுள்ள L வடிவ இரும்பு) 760 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டுகள் வேண்டும். இந்த ஆங்கிள் மீட்டருக்கு 5.8 கிலோ என்பதால், மொத்தம் ஏறத்தாழ 13 கிலோ வரும். இவற்றுடன் 40×6 மி.மீ. பட்டை 600 மி.மீ. நீளத்தில் இரண்டு, 16 மி.மீ. விட்டமும் 70 மி.மீ.க்கு மிகாத நீளமும் கொண்ட வெல்டிங் செய்யக்கூடிய உருளைக் கீல் இரண்டு, 12 மி.மீ. போல்ட் நட்டு வாஷருடன் இரண்டு, அமுக்குச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தச் சுருள் ஸ்பிரிங் இரண்டு, கைப்பிடிக்கு 25 மி.மீ. கருப்புக் குழாய் ஒரு மீட்டர் ஆகியவற்றை வாங்கவும்.

கைப்பிடிக்கு ஜி.ஐ. குழாயை எடுக்க வேண்டாம். அதன் மேல் பூசப்பட்ட துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். ஜி.ஐ. குழாய்தான் கையில் இருக்கிறது என்றால், வெல்டு விழும் இடத்தைச் சுற்றிப் பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து வெல்டு செய்ய வேண்டும்.

இவை தவிர, 8 மி.மீ. கனமுள்ள பட்டைத் துண்டு நான்கும், பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றும் தேவை. இவை கருவியில் சேராதவை என்பதால் பலரும் விட்டுவிடுவார்கள்; கீலை நிறுத்தும் வேலை முழுவதும் இவற்றை நம்பியே இருக்கிறது.

3. ஆங்கிளைத் தேர்ந்தெடுத்தல்

இரும்புக் கடையில் ஆங்கிளை எடைக்குத்தான் தருவார்கள்; நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நம் பொறுப்பு. ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனை வரை ஓரத்தைப் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் வைஸில் வைத்து நிமிர்த்திவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். முறுக்கை வீட்டில் எடுப்பது மிகக் கடினம்.

மூலைமட்டத்தை இரு கால்களுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். உருட்டி வரும் ஆங்கிள் எப்போதும் சரியாக 90 டிகிரி இருப்பதில்லை. மூன்று துண்டுகளில் மிகவும் சரியானதைப் பீடத்துக்கும், அடுத்ததை மடக்குச் சட்டத்துக்கும், மீதியை அமுக்குச் சட்டத்துக்கும் ஒதுக்கிச் சாக்குக்கட்டியால் பெயர் எழுதி வைத்துவிட்டால் பிறகு மாறாது.

4. வலுவூட்டும் பட்டைகளை முதலில் வெல்டு செய்தல்

பெரும்பாலோர் கீலை மாட்டிவிட்டு, சட்டம் வளைகிறது என்று தெரிந்த பிறகே பட்டையை வெல்டு செய்கிறார்கள். வெல்டு ஆறும்போது சுருங்கி இரும்பை இழுக்கும் என்பதால், அதுவரை சரியாக இருந்த கீலின் அச்சும் அதனோடு விலகிவிடும். நீளமான வெல்டுகள் அனைத்தும் கீலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மடக்குச் சட்டத்தின் ஒரு கால் மேலே நம்மை நோக்கிப் படுத்திருக்க, மற்றொரு கால் கீழே தொங்கும். தொங்கும் காலின் கீழ் விளிம்பில், நம்மை நோக்கி நீளுமாறு பட்டையைப் படுக்கை வசத்தில் வைத்து வெல்டு செய்யவும். இப்போது அது சேனல் போன்ற வடிவம் பெறும். 25 மி.மீ. வெல்டு, 75 மி.மீ. இடைவெளி என்று நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினால் சட்டம் நிச்சயம் வளையும். ஆறியபின் மேல் விளிம்பில் நூலைக் கட்டிப் பார்த்து, வளைவு இருந்தால் இப்போதே நிமிர்த்துங்கள்.

அமுக்குச் சட்டத்தில் இதே சுருக்கத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒரு கால் தகட்டின் மேல் படுத்து, அதன் நுனி மடிப்புக் கோட்டைப் பார்க்க, மற்றொரு கால் பின்னால் செங்குத்தாக நிற்கும். நிற்கும் காலின் உச்சியில் இரண்டாவது பட்டையைப் பின்பக்கம் நீளுமாறு வைத்து வெல்டு செய்யவும். முன்பக்கம் நீட்டினால் மடங்கி எழும் தகடு அதில் இடிக்கும்.

உச்சியில் விழுந்த வெல்டு சுருங்குவதால் சட்டத்தின் இரு முனைகளும் மிக இலேசாக மேலெழும்பி, நடுப்பகுதி கீழே இறங்கும். நமக்கு வேண்டியது இதுதான். முனைகளில் உள்ள போல்ட்டுகளை இறுக்கும்போது நடுப்பகுதி முதலில் தகட்டை அழுத்திப் பிடிக்கும். முனைகள் பிறகு வந்து சேரும். பீடத்தின் மேல் வைத்துப் பார்க்கையில் நடு பட்டு நிற்க, இரு முனைகளிலும் ஒரு ஹாக்ஸா பிளேடு நுழையும் இடைவெளி இருந்தால் சரியான அளவு. இடைவெளியே இல்லையென்றால் உச்சியில் இன்னும் இரண்டு மூன்று வெல்டுகள் போடலாம்.

5. கீலுக்கான மூலை வெட்டு

பீடமும் மடக்குச் சட்டமும் முதுகோடு முதுகு சேர்ந்து, மேல் முகங்கள் ஒரே மட்டத்தில் இருக்கும். இரண்டும் சந்திக்கும் மேல் கோட்டிலேதான் தகடு மடங்கும். கீலின் நடு அச்சும் அதே கோட்டில் இருக்க வேண்டும். ஆகவே உருளையில் பாதி மேல் முகத்துக்கு மேலே நிற்கும். மீதிப் பாதி இரு ஆங்கிள்களின் மூலைக்குள் உட்கார வேண்டும்.

அதற்காக இரு ஆங்கிள்களின் இரு முனைகளிலும், 75 மி.மீ. நீளத்துக்கு, மூலையிலிருந்து மேல் முகத்தில் 8 மி.மீ., பக்க முகத்தில் 8 மி.மீ. கோடு கிழித்துக் கிரைண்டரால் வெட்டி எடுக்கவும். கட்டிங் வீல் கோட்டுக்கு உள்ளே நிற்கட்டும். மீதியை அரத்தால் ராவி, உருளை உட்காரும் வரை கொண்டுவருவது நல்லது. அதிகமாக வெட்டிவிட்டால் அந்த இடைவெளியை வெல்டால் நிரப்ப நேரும். அதனால் சூடும் இழுப்பும் கூடும். நடுவில் மிஞ்சும் 610 மி.மீ. நீளமே நமக்குப் பயன்படும் பகுதி.

6. கீலின் அச்சை நிறுத்துதல்

இந்த ஒரு படிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அச்சு கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும், மடக்குச் சட்டம் எழும்போது தகட்டின் மேல் வழுக்கி நகரும். தகட்டில் கோடு கோடாகக் கீறல் விழும், மடிப்பும் உருண்டையாகும். ஒரு பக்கக் கீல் மேலும் மறுபக்கக் கீல் கீழுமாக இருந்தால் சட்டம் பாதியில் இறுகி நின்றுவிடும். உருளையைக் கண்ணால் பார்த்து மையப்படுத்தி வெல்டு செய்கிறவர்கள் சிக்குவது இங்கேதான்.

கண்ணை நம்பாமல் செய்ய எளிய வழி இருக்கிறது. தடித்த இரும்புத் தகடு அல்லது கிரானைட் பலகை ஒன்றைத் தளமாக வையுங்கள். கிரானைட் என்றால் வெல்டிங் பொறியில் செதிள் பெயராமல் இருக்க அதன் மேல் ஒரு மெல்லிய தகட்டை விரித்துக்கொள்ளவும். அதன் மேல் 8 மி.மீ. பட்டைத் துண்டுகள் நான்கையும் வைத்து, பீடத்தையும் மடக்குச் சட்டத்தையும் தலைகீழாக, மேல் முகம் பட்டையில் படியுமாறு படுக்க வைக்கவும். இப்போது இரண்டின் மேல் முகங்களும் தளத்திலிருந்து சரியாக 8 மி.மீ. உயரத்தில், ஒரே மட்டத்தில் இருக்கும்.

கீலை மூலை வெட்டுக்குள் விட்டால் அது தளத்திலேயே நேராக உட்காரும். உருளையின் விட்டம் 16 மி.மீ. என்பதால் அதன் மையம் தளத்திலிருந்து 8 மி.மீ. உயரத்தில் இருக்கும். மேல் முகத்தின் உயரமும் அதுவே. அளக்காமலே அச்சு தன் கோட்டுக்கு வந்துவிட்டது. கடையில் கிடைத்த கீலின் விட்டம் வேறு என்றால், பட்டையின் கனத்தையும் மூலை வெட்டின் அளவையும் அதில் பாதியாக எடுத்துக்கொள்ளவும். கீலைக் காலிப்பரால் அளந்த பிறகே பட்டையை வாங்க வேண்டும்.

அடுத்து, இரு ஆங்கிள்களுக்கும் இடையில் ஹாக்ஸா பிளேடை உடைத்து இரு முனைகளுக்கருகே ஒவ்வொரு துண்டாகச் செருகி, இரண்டையும் கிளாம்பால் சேர்த்து இறுக்கவும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் வெல்டின் இழுப்பிலும் பின்னால் வரும் பெயிண்ட் பூச்சிலும் இரண்டும் உரசிக்கொள்ளும். பிறகு உருளைகள் இரண்டும் இடைவெளியின் நடுவில் இருக்கின்றனவா என்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலைக் கட்டிப் பாருங்கள்.

கீல்கள் திரும்பியிருக்கும் திசையும் முக்கியம். உருளைக் கீலின் இரு பாதிகளும் அச்சின் வழியாக ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வருபவை. இரண்டு கீல்களையும் ஒரே திசையில் வைத்தால் மடக்குச் சட்டம் பக்கவாட்டில் நகர்ந்து கழன்றுவிடும். ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் வைத்தால் பூட்டிக்கொள்ளும். உள்ளே கிரீஸ் இருந்தால் துடைத்துவிடுங்கள். சூட்டில் எரிந்து கரியாகிப் பிடித்துக்கொள்ளும்.

7. கீலை வெல்டு செய்தல்

ஒவ்வொரு கீலிலும் ஒரு பாதியைப் பீடத்தோடும் மறுபாதியை மடக்குச் சட்டத்தோடும் ஒவ்வொரு பொட்டு (சிறு புள்ளி வெல்டு) மட்டும் வைக்கவும். 2.5 மி.மீ. ராடு, 70 முதல் 90 ஆம்பியர் போதுமானது. நான்கு பொட்டுகளும் வைத்த பிறகு கிளாம்பைக் கழற்றி, பிளேடுகளை எடுத்துவிட்டுச் சட்டத்தைச் சுழற்றிப் பாருங்கள். 120 டிகிரி வரை எந்த இடத்திலும் இறுகாமல் வர வேண்டும். இறுகினால் ஒரு பொட்டைக் கிரைண்டரால் வெட்டிவிட்டு அந்தக் கீலை மட்டும் மறுபடி நிறுத்துவது எளிது. முழு வெல்டு போட்ட பிறகு அது இயலாது.

சரியாகச் சுழல்கிறது என்றால், பிளேடுகளைத் திரும்பச் செருகிக் கிளாம்பு செய்து, இடக் கீலில் சிறிது, வலக் கீலில் சிறிது என்று மாறி மாறி வெல்டு போடவும். கை வைக்க முடியாத சூட்டில் அடுத்த வெல்டைத் தொடங்க வேண்டாம். முடிந்து முழுவதும் ஆறிய பின் எண்ணெய் விட்டுச் சுழற்றினால், சட்டம் தன் எடையிலேயே இறங்கும்.

8. அமுக்குச் சட்டத்தின் நுனியும் போல்ட்டும்

சட்டத்தின் முன் மூலைகள் கீலில் இடிக்கும் என்பதால், இரு முனைகளிலும் 78 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எடுக்கவும். மிஞ்சும் நுனியை மேலிருந்து பின்னோக்கி 45 டிகிரி சாய்வில் தேய்த்து, கீழே 1 மி.மீ. மட்டும் தட்டையாக விட வேண்டும். மடக்கிய தகடு கையை விட்டதும் சற்றுத் திரும்பும் என்பதால், 90 டிகிரியைத் தாண்டி மடக்கினால்தான் அது 90-இல் வந்து நிற்கும். சாய்வு இல்லாத நுனி அதற்கு இடம் விடாது. கிரைண்டரால் முக்கால் பங்கு, அரத்தால் கால் பங்கு என்று செய்தால் நுனி நேராக வரும்.

முனையிலிருந்து 40 மி.மீ., முன் விளிம்பிலிருந்து 35 மி.மீ. தள்ளிப் பீடத்தில் 12 மி.மீ. துளையிட்டு, போல்ட்டைக் கீழிருந்து மேலாக நிறுத்தித் தலையை வெல்டு செய்யவும். அமுக்குச் சட்டத்தில் அதே இடத்தில் வட்டத் துளை போடாமல், முன்பின்னாக 20 மி.மீ. நீளக் காடி வெட்ட வேண்டும். தகட்டின் கனத்துக்கு ஏற்பச் சட்டத்தை நகர்த்த அது தேவை. ஸ்பிரிங் சட்டத்தைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தால், நட்டைத் தளர்த்தியதும் சட்டம் தானே எழும். ஒரு கையில் தகட்டையும் மறுகையில் ஆறு கிலோ இரும்பையும் தாங்க வேண்டியதில்லை. சட்டத்துக்கும் பீடத்துக்கும் இடையில் போல்ட்டில் மாட்டினால், முழுதும் அமுங்கிய ஸ்பிரிங் தகட்டின் கனத்துக்குள் அடங்காது என்பதால், அதைச் சட்டத்தின் பின்பக்கப் பட்டைக்கும் மேசைக்கும் நடுவில் நிறுத்தவும். இந்த முறையே எனக்குப் பிடித்திருக்கிறது. துளையைச் சுற்றித் தகட்டுத்தூள் சேர்வதில்லை.

9. மேசையும் கைப்பிடியும்

பீடத்தின் படுக்கும் கால் மேசையின் மேலும், தொங்கும் கால் மேசை விளிம்புக்கு வெளியிலும் இருக்கும். போல்ட் தலைகள் புதைய மேசைப் பலகையில் 25 மி.மீ. துளை இட்டு, பீடத்தை நான்கு போல்ட்டுகளால் இறுக்கவும். மேசை கோணலாக இருந்தால் பீடமும் அதோடு முறுக்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்து, தேவையான இடத்தில் தகட்டுத் துண்டைக் கொடுத்து மட்டம் செய்த பிறகே இறுக்க வேண்டும்.

கைப்பிடிகள் இரண்டு. மடக்குச் சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ 150 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். நடுவில் ஒன்றே ஒன்று வைத்தால் கை ஒரு பக்கம் சாயும்போது சட்டமும் முறுக்கும்.

10. பின்வாங்கல் அளவு

அமுக்குச் சட்டத்தின் நுனி மடிப்புக் கோட்டின் மேலேயே நிற்கக் கூடாது. தகட்டின் கனத்துக்குச் சமமாகவாவது பின்வாங்கி நிற்க வேண்டும். 1.2 மி.மீ. தகட்டுக்கு 1.2 முதல் 1.5 மி.மீ. வரை. அளக்க எளிய வழி: மடக்குச் சட்டத்தை 90 டிகிரிக்குத் தூக்கி நிறுத்தி, அதற்கும் நுனிக்கும் இடையில் அதே தகட்டின் துண்டு ஒன்றைச் செருகி, அது இலேசாக உரசி வெளியே வரும் இடத்தில் நட்டை இறுக்குவது. இரு முனைகளிலும் இதைச் செய்யவும்.

பின்வாங்கல் இல்லாமல் மடக்கினால் தகடு இரண்டுக்கும் நடுவில் நசுங்கும். அந்த விசை முழுவதும் கீலுக்குப் போய் அச்சைத் தளர்த்திவிடும். புதிய கருவி ஒரே மாதத்தில் ஆட்டம் காண்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதல் மடிப்புக்கு முன் காகிதச் சோதனை ஒன்று செய்யவும். ஒரு தகட்டின் மேல் இடம், நடு, வலம் என மூன்று காகிதக் கீற்றுகளை வைத்துச் சட்டத்தை இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். மூன்றும் கிழிய வேண்டும். நடுக் கீற்று வழுக்கி வந்தால், 4-ஆம் படியில் சொன்ன நடு இறக்கம் போதவில்லை.

11. வெட்டளவைக் கணக்கிடுதல்

தகடு மடங்கும்போது மூலையில் நீள்வதால், வெளி அளவுகளைக் கூட்டி வெட்டினால் பொருள் பெரிதாக வரும். 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் 90 டிகிரி மடக்கி, இரு கால்களின் வெளி அளவையும் கூட்டிப் பாருங்கள். 102.2 வந்தால், ஒவ்வொரு மடிப்புக்கும் 2.2 மி.மீ. கழிக்க வேண்டும் என்று பொருள். 1.2 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு இதையொட்டித்தான் வரும். 200 மி.மீ. அகலமும் இரு பக்கம் 30 மி.மீ. உயரமும் உள்ள தட்டுக்கு, 260-இலிருந்து 4.4 கழித்து 255.6 மி.மீ. வெட்டினால் போதும்.

வெட்டிய விளிம்பின் பிசிறு மடிப்பின் உட்பக்கம் இருக்கட்டும். வெளிப்பக்கம் இருந்தால் இழுபடும்போது அங்கிருந்து விரிசல் தொடங்கும். தகட்டைக் கையாளும்போது கையுறை அணியாமல் இருக்க வேண்டாம்.

நான்கு பக்கமும் மடக்கும் பெட்டிக்கு, எதிரெதிரான இரு பக்கங்களை முதலில் மடக்கிவிட்டு, மற்ற இரண்டுக்கும் பெட்டியின் உள் அகலத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் தனிச் சட்டத் துண்டை வெட்டி, முழுச் சட்டத்தின் அடியில் வைத்து இறுக்கலாம்.

12. எவர்சில்வர் தகடு

உருக்காலை உள்ள ஊர் என்பதால், எவர்சில்வர் துண்டுகள் பட்டறைக்கு வராமல் இருக்காது. அந்தத் தகடு மடங்க மடங்க இறுகும் தன்மையுடையது. அதே கன இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விசை கேட்கும். இந்தக் கருவியில் 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. வரை மட்டும் மடக்குங்கள். இரும்புத் தகடு ஓரிரு டிகிரி திரும்பும் என்றால் இது அதைவிட அதிகம் திரும்பும். ஒரு துண்டை மடக்கிப் பார்த்து, எத்தனை டிகிரி தாண்ட வேண்டும் என்று மேசையின் பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்ளவும். பளபளப்பான முகத்தில் கீறல் விழாமல் இருக்க அதன் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையை மடக்கி முடியும் வரை உரிக்க வேண்டாம்.

13. பூச்சும் பராமரிப்பும்

தகடு படும் முகங்களையும் நுனியையும் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் எனாமல் அடிக்கவும். விட்ட இடங்களில் எண்ணெய் தடவிய துணியால் துடைத்து வைத்தால் போதும். சேலத்தில் வாரம் ஒரு முறை போதுமானது. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் தேய்த்த இரும்பு ஒரே இரவில் செம்மை கண்டுவிடும் என்பதால், வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் துடைத்துவிட்டு, அமுக்குச் சட்டத்தை இறக்காமல் தூக்கியே வைக்க வேண்டும். இறக்கி வைத்தால் இரு முகங்களுக்கும் இடையில் ஈரம் தங்கும். கீல்களுக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் விடும்போது, காகிதச் சோதனையையும் ஒரு முறை செய்து பாருங்கள்.